ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே

கல்லூரி என்பது பலகையில்தான்.
உள்ளே வந்தால் தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டின்
இரண்டாம் கட்டு, வாடகைக்கு.
முதல் கட்டைச் சினிமாக்காரர்கள் எடுப்பார்கள்
மாதத்தில் நாலைந்து நாள்.
அன்றைக்கு எங்களுக்குக் குரல் கிடையாது.
வளவு வாசலில் நின்று ஒருவன்
"சைலன்ஸ்" என்று கத்துவான்.
மிருதங்கப் பையன்கள் தொடையில் வாசிப்பார்கள்.
நான் வாய் திறக்காமல்
கீழ் ஸ்தாயியில் முனகிக்கொண்டிருப்பேன்.
அந்த வகையில் என் மந்தர பஞ்சமம் நன்றாகத் தேறியது.

மூன்றாம் வருஷச் செய்முறைத் தேர்வன்று
சண்டைக் காட்சி.
"பாடிக்கோங்க, டப்பிங்கில பாத்துக்குவோம்" என்றார்கள்.
பெரிய மனசு.
ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.
மாதாந்திரப் பராமரிப்பு, மாலை ஐந்து வரை.
சுருதிப் பெட்டிக்கு பேட்டரி வாங்க வேண்டும் என்று
போன வருஷமே பேசினோம்.
தம்புராவில் இரண்டு தந்தி இல்லை,
மனு போட்டு எட்டு மாதம்.

பின்தெருவில் ஜெனரேட்டர் வண்டி.
ம்ம்ம்ம் என்று ஒரே பிடி.
கல்தூண் வழியாக ஏறி
ஆத்தங்குடித் தரை வழியாக
உட்கார்ந்தவர் இடுப்புக்குள் வந்தது.

என் சுருதி ஐந்து கட்டை.
பாடிப் பார்த்தேன். அது ஐந்து இல்லை.
ஐந்தரையும் இல்லை.
இரண்டுக்கும் நடுவே, எந்தப் பெட்டியிலும்
கட்டை வைக்காத ஓரிடம்.
அதை எதிர்த்துப் பாட முடியாது,
ஊரே அதில் நின்றுகொண்டிருந்தது.
நானும் அதில் போய் நின்றேன்.

வயலினுக்குப் பிலோமி.
மெஸ் காசு முந்நூற்றிருபது ரூபாய்க்காக
பதினோரு நாளாக என்னோடு பேசுவதில்லை.
என்னைப் பார்க்காமலே பிருடையைத் திருகினாள்,
கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
அடைக்கப்பன் மிருதங்க விளிம்பில்
கல்லால் இரண்டு தட்டுத் தட்டி
"இது என்ன எளவு கட்டை" என்றான், மெதுவாக.

பேகடா கேட்டார் வெளித்தேர்வாளர்.
அதன் மத்யமம் முன்பே சொல்பேச்சுக் கேட்காது,
இன்றைக்கு வீட்டையே மாற்றிக் குடிவந்தது போல
எனக்கே புதிதாக இருந்தது.
அவர் சட்டைப்பையில் இருந்து சின்னக் குழலை எடுத்தார்.
ஐந்தை ஊதினார்.
ஐந்தரையை ஊதினார்.
ஒன்றும் பொருந்தவில்லை.
குழலைப் பைக்குள் போட்டுவிட்டுக்
கண்ணை மூடிக்கொண்டார்.
நல்லதுக்கா கெட்டதுக்கா, தெரியவில்லை.

நிரவல் இரண்டாம் காலம் எடுத்தபோது
அங்கே யாரோ "பிரேக்" என்றார்கள்.
ஜெனரேட்டர் நின்றது.

சாய்ந்திருந்த சுவரை
யாரோ தூக்கிக்கொண்டு போனது போல.
இதுவரை அத்தனை பெரிய மௌனத்தை
அந்த வீட்டில் நான் கேட்டதில்லை.
சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் சத்தம்
முதல் கட்டில் இருந்து தனித்தனியாக வந்தது.
வாயில் சொல் இருக்கிறது,
அதை எங்கே வைப்பதென்று இல்லை.

அப்போது பிலோமி
என் வரியைப் பின்தொடர்வதை விட்டுவிட்டாள்.
வில்லை முழு நீளத்துக்கு இழுத்து
ஷட்ஜத்தை மட்டும் வைத்தாள்.
ஜெனரேட்டர் விட்டுப்போன அதே இடம்,
மயிரிழை பிசகவில்லை.
தேர்வு எனக்கு. பக்கவாத்தியம்
அப்படி நிறுத்திக்கொடுத்தால் மதிப்பெண் குறையும்
என்று அவளுக்கும் தெரியும்.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்தால் அழுதிருப்பேன், அழுதால்
ஐந்துக்கே இறங்கியிருப்பேன்.

முடித்ததும் தேர்வாளர் பென்சிலால் எழுதினார்.
தலைகீழாகப் படித்தேன்.
சுருதி என்ற கட்டத்தில் ஏழு.
அதை அடித்துவிட்டு எட்டு.
அதையும் அடித்துவிட்டு, பேனா கேட்டார்.
அதற்குமேல் அவர் கை மறைத்துவிட்டது.

ராத்திரி விடுதியில் கரண்ட் இருந்தது.
போர்வெல் மோட்டார் ஓடியது,
கீழே மெஸ்ஸில் மாவு அரைத்தார்கள்.
போர்வைக்குள் இருந்து பிலோமி சொன்னாள்:
"கிரைண்டர் நாலு கட்டை."
"நாலரை" என்றேன்.
கொஞ்ச நேரம் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.
"நாலரைதான்" என்றாள்.
பிறகு, சுவர்ப் பக்கம் புரண்டு படுத்து:
"முந்நூற்றிருபது அப்படியே இருக்கு. மறந்துராத."